வெளிப்பெட்டியின் இரைச்சல்

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நடுப்பகலில், படுக்கையறைச் சுவரில் இருந்த ஏசி வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"பதினாறுக்கு இறக்கியாயிற்று. இன்னும் என்ன ஐயா?" என்று ரிமோட் சலித்துக்கொண்டது.

"என்னை ஏன் கடிகிறாய்? பால்கனியில் இருக்கிறானே வெளிப்பெட்டி, அவன்தான் சோம்பேறி. மாலைக்குள் அறை குளிராவிட்டால் எங்கள் இருவரையுமே கழற்றிவிடப்போகிறார்கள்" என்று புலம்பியது ஏசி.

அதன் பின்னால் குடியிருந்த பல்லிக்கு, சோம்பேறி என்பவன் எப்படி இருப்பான் என்று பார்த்துவிட ஆசை. குழாய்த் துளை வழியே வெளியே போனது. அங்கே வெளிப்பெட்டியைத் தடித்த ஜமக்காளம் ஒன்று முகத்தோடு மூடியிருந்தது.

"என்ன அண்ணே, இந்த வெயிலில் போர்வையா?"

"நானா போர்த்திக்கொண்டேன்? என் இரைச்சலில் வீட்டாருக்குத் தூக்கம் கெடுகிறதாம், நேற்று மூடிவிட்டார்கள். நான் வெளியே தள்ளும் வெக்கை என்மேலேயே திரும்புகிறது. இதை எடுக்கச் சொல்லித்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்."

பல்லி ஓடோடி வந்தது. "அவன் சோம்பேறி இல்லை! ஜமக்காளத்துக்குள் மூச்சுத் திணறிக் கத்திக்கொண்டிருக்கிறான்!"

ஏசி சற்று நேரம் உற்றுக் கேட்டது.

"ஜமக்காளம் போட்டுமா கத்துகிறான்?" என்றது. "அப்படியானால் ஒன்று போதவில்லை."