சுவருக்கு அந்தப் பக்கம்

"பக்கத்து மாடி அங்கிள் மறுபடியும் லெட்டர் போட்டுட்டாராம்க்கா. இது மூணாவதுலா," என்றான் தனேஷ், டிரம்ஸ் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு.

ஷர்மினி ஏணியிலிருந்து இறங்கவில்லை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். "யாரு சொன்னா?"

"வீட்டுக்காரத் தவுக்கேதான் போன் பண்ணாரு. நம்ம பேண்டு சத்தத்தப் பத்தித்தான் அங்கிள் எழுதியிருக்காராம். ரெண்டு பக்கம் இங்கிலீஷு, கோழி கிண்டுன மாதிரி எழுத்து, அதையெல்லாம் எவன் படிப்பான்னு கேக்குறாரு. இன்னிக்குள்ள அந்த ஆளச் சமாளிக்கணுமாம். இல்லன்னா சாவியக் குடுத்துரணுமாம்."

நாளை ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு ஷோ. ஆயர் தாவாரிலிருந்து ஒரு குழு வருகிறது. காம்பார் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு குழு. கடைசியில் தனேஷின் குழு. ஈப்போவில் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கும், திருவிழாவுக்கு மேடை கிடைக்கும். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற நாலு பேருக்கு ஓர் அறை கேட்டுப் பாருங்கள், ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஷர்மினி பதினோரு இடத்தில் கேட்டு மூக்குடைபட்டு, பன்னிரண்டாவதாகப் பிடித்ததுதான் பழைய டவுனில் இந்தக் கடைவீட்டு மாடி. இதுவும் போனால் வேறு இடம் கிடையாது.

அதற்காக அவள் படாத பாடில்லை. முதல் கடிதம் வந்ததாகத் தவுக்கே சொன்ன அன்றே பக்கத்து வீட்டையொட்டிய சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினாள். இரண்டாவது வந்ததும், அந்தச் சுவரோரம் இருந்த டிரம்ஸை அறையின் மறுகோடிக்குத் தள்ளி, பெரிய டிரம்முக்குள் தலையணையைத் திணித்தாள். இப்போது அட்டைக்கு மேல் இன்னோர் அடுக்கு அட்டை.

"இன்னும் என்னதான் பண்றது? நான் டிரம்ஸா அடிக்கிறேன், மெத்தையில்ல தட்டுறேன்," என்றான் தனேஷ். "விட்றலாம்க்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம்னு சொன்னவன் எவன் வாசிச்சிருக்கான்? ஷோ நடக்கும். நான் போயி அவருகிட்ட பேசிட்டு வாரேன்."

"சண்ட கிண்ட போட்றாத."

"கால்ல விழணும்னாலும் விழுவேன். சாவிய மட்டும் குடுக்க மாட்டேன்."

பக்கத்து மாடிக்கு இராஜசிங்கம் குடிவந்து எட்டு மாதம் இருக்கும். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவராம். தெருவில் யாரோடும் பேச்சில்லை. ஷர்மினி மணியை அழுத்தினாள், கதவைத் தட்டினாள், மறுபடி தட்டினாள். ஜன்னல் வழியே அவர் பேப்பர் படிப்பது நன்றாகவே தெரிந்தது. என்ன திமிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே போய்க் கையை ஆட்டினாள். அப்புறம்தான் எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

உள்ளே இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி ஒரு நாற்காலி கிடந்தது. மேலே நாள்காட்டி. அதில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். நான்கும் அவள் ஷோ நடத்திய நாள்கள். மனுஷன் சாட்சி வேறு சேர்த்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தாள்.

அவள் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள். "அங்கிள், நான் வந்து பக்கத்துல..."

"குனியாதையும் பிள்ளை. முகத்தைப் பாத்துக் கதையும்."

குரல் அதட்டலாகத்தான் இருந்தது. ஷர்மினி நிமிர்ந்தாள். "பக்கத்து மாடியில ஷோ நடத்துறது நான்தான்."

"ஓ, நீர்தானோ? மூண்டு கடிதம் போட்டனான். ஒரு பதில் இல்லை. என்ன பழக்கம் இது?"

"தப்புதான் அங்கிள். மன்னிச்சிருங்க. ஆனா நாளைக்கு ஷோ நடந்தே ஆகணும். பசங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வாரானுங்க." தனேஷின் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டாள். "டிரம்ஸே வேணாம். வெறும் கிட்டார் மட்டும் வச்சு நடத்திக்கிறோம். சத்தமே வராது. போதுமா?"

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "டிரம்ஸ் இல்லையோ? அப்ப என்னத்துக்குக் கச்சேரி?"

"சத்தத்தப் பத்தி நீங்கதானே அங்கிள் எழுதியிருந்தீங்க?" என்றாள் ஷர்மினி.

"என்ர கடிதத்தை ஒருத்தரும் வாசிக்கேல்லை போல," என்று முணுமுணுத்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். உத்தியோகப் பழக்கம் விடவில்லை. எழுதிய கடிதத்துக்கெல்லாம் நகல் இருந்தது. மூன்றையும் அவள் கையில் கொடுத்தார்.

அவள் நின்றபடியே படித்தாள். முதல் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"தனேஷ், அட்டையெல்லாம் பிச்செடு. தலவாணியையும் உருவிப் போடு. டிரம்ஸ பழையபடி இந்தச் செவுத்தோரமே கொண்டாந்து வை."

"என்னக்கா சொல்ற? அந்த ஆளு என்னதான் எழுதியிருக்காரு?"

முதல் கடிதத்தின் கடைசி வரியை ஷர்மினி அவனுக்குத் தமிழில் சொன்னாள்: "'காது அடியோட போயி ஆறு வருஷமாச்சு, போன ஞாயித்துக்கிழமை இந்தச் செவுத்துல கைய வச்சப்ப உங்க டிரம்ஸ் எனக்குக் கேட்டுச்சு, அடுத்த கச்சேரி என்னைக்குன்னு தயவுசெஞ்சு தெரியப்படுத்தவும்.'"