மகிழினி போடாத ஜாமீன்

இளைஞர்களுக்கு நிதியறிவு ஊட்டியதற்காக எங்கள் ஊர்க் கூட்டுறவு நாணயச் சங்கத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். அதன்பிறகு, சங்கத்தின் வகுப்பில் தேறிய பிள்ளை ஜாமீன் போட்டால்தான் பெற்றோருக்குக் கடன் என்று சட்டமே வந்துவிட்டது.

தச்சநல்லூர் வேல்மயில் தன் மகள் மகிழினியின் சடங்கு விருந்துக்குக் கடன் கேட்டிருந்தார். வீட்டுச் சுவர்த் திரையில் தோன்றிய சங்கச் செயலாளர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏழாம் வகுப்பு மகிழினிக்குத்தான் கும்பிடு போட்டார்.

"ஜாமீன்தாரம்மா, சம்மதமா?"

"எதுக்குக் கடன்னு அப்பா சொல்லட்டும் சார்."

"ஒனக்குச் சடங்கு வைக்கத்தாம்ட்டி. ஊரே திரும்பிப் பாக்கணும்லா!"

"திரும்பிப் பாத்தா கழுத்து வலி அவங்களுக்கு, தவணை நமக்கு. போடமாட்டேன்."

"மண்டபம் பேசியாச்சுட்டி. மானம் போயிரும்."

"மானத்தையெல்லாம் அடமானத்துக்கு எடுக்க மாட்டாங்கப்பா. பாடத்துலயே இருக்கு."

வேல்மயிலுக்குக் கோபம் வரவில்லை. சாமிக்குத் திரை விலகினாற்போல மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற கடன் கேளுங்க, போடுதேன்," என்றாள் மகிழினி.

"எதுக்கு?"

"அம்மா பல்லுக்கு. போன தீபாவளியில இருந்து எடது பக்கமாவே மெல்லுதா. முறுக்கக் காப்பியில முக்கித் திங்கா. நீங்க அது ருசிக்குன்னு நெனச்சிட்டிய."

அடுக்களை வாசலில் நின்ற கோமதி சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேல்மயில் எழுந்து மனைவியின் அருகே போனார்.

"கைய எடு கோமதி," என்றார் மெதுவாக. "எந்தப் பல்லு?"