வாங்காமல் போகிறவர்

"மாமி, அந்த ஆள் இன்னிக்கும் வந்துட்டு வாங்காம போயிட்டார்."

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான் சேஷு. அடுப்படியிலிருந்து காமாக்ஷியின் குரல் வந்தது.

"அச்சா? எதுவரைக்கும் வந்தார்?"

"கடைசிப் பக்கம் வரைக்கும். பருப்புப் பொடியைக் கூடையில போட்டிருக்கார். பணம் கட்டற இடத்துல நின்னுட்டுப் போயிட்டார்."

"அப்ப உங்க வெப்சைட்லதான் ஏதோ கோளாறு, மாப்பிள்ளை. சரி பண்ணுங்கோ. முதல்ல சாப்பிட வாங்கோ, பொடி சாதம் ஆறிப்போறது."

கோல் மார்க்கெட் வீட்டில் காமாக்ஷி பொடியும் தொக்கும் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். அவள் மகள், சேஷுவின் மனைவி ஜ்யோத்ஸ்னா, போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சேஷு கரோல் பாக் அறையில் கதவைச் சாத்திக்கொண்டான். வந்த வெப்சைட் வேலைகளைத் திருப்பி அனுப்பினான். டீயும் பிஸ்கட்டுமாக நாட்கள் போயின.

"கடைக்கு வெப்சைட் வேணும். போன்ல சொன்னா எனக்குப் புரியாது, நேர்ல வந்து பண்ணிக் கொடுங்கோ" என்று மாமியார் கேட்டபோது மட்டும் மறுக்க முடியவில்லை. இதை முடித்துவிட்டால் அப்புறம் யாருக்காகவும் வெளியே வர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான்.

ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் கேட்கும் கேள்விகளைக் குறைத்தான். கூரியர் செலவை முதல் பக்கத்திலேயே போட்டான். வாங்கும் பட்டனைப் பெரிதாக்கினான். சும்மா பார்க்க வந்தவர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். நொய்டா, குர்காவ் என்று கூடத்தில் பார்சல்கள் குவிந்தன. அந்த ஒருவர் மட்டும் தினமும் காலையில் வந்தார், எதையாவது கூடையில் போட்டார், போய்விட்டார்.

"இன்னிக்கு வத்தக்குழம்பு மிக்ஸ். மகா கஞ்சன் போலிருக்கு" என்றான் சேஷு.

"அரே, பாவம், திட்டாதீங்கோ. ஆத்துக்காரியைக் கேட்டுண்டு வாங்கலாம்னு..." சொல்லவந்ததைக் காமாக்ஷி பாதியில் விழுங்கினாள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி வத்தக்குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்து சாப்பிட்டான். வாயில் போனது குழம்பா, வெந்நீரா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"மாமி, வரவாள்ல நூத்துக்கு மூணு பேர் வாங்கினாலே பெரிசு. இந்த ஒருத்தரை விட்டுடலாம். என் வேலை முடிஞ்சுடுத்து."

"அதெல்லாம் முடியாது. கடை ஏறினவாளை வெறுங்கையோட அனுப்பற வழக்கம் எனக்கில்லை. அவர் வாங்கற வரைக்கும் உங்களை விடமாட்டேன்."

மறுநாளும் வந்தான். பட்டனின் நிறத்தை மாற்றினான். பயனில்லை. அன்று கூடையில் கிடந்தது புளிக்காய்ச்சல். அலுப்போடு லேப்டாப்பைப் பக்கத்தில் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

பாதித் தட்டு காலியானபோது வறுத்த வேர்க்கடலை ஒன்று பல்லில் நொறுங்கியது. பின்னாலேயே புளிப்பு சுரீரென்று ஏறியது. கை நின்றது.

"மாமி, இது புளியோதரையா?"

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்! ஏன், உப்பு குறையறதா?"

அவன் தட்டைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த திரையைப் பார்த்தான். மறுபடியும் தட்டைப் பார்த்தான்.

"இல்லை. நன்னாயிருக்கு."

இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டு கேட்டான்: "நாளைக்கு மோர்க்குழம்பு பண்றேளா?"

ஜ்யோத்ஸ்னா போனபின் அவன் தனக்கென்று வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. காமாக்ஷி அடுப்படியில் தயிர்ப் பாத்திரத்தை எடுத்து முன்னால் வைத்தாள்.

"பண்றேன்."

மறுநாள் காலை கரோல் பாக் அறையில் லேப்டாப்பைத் திறந்தான். கடை தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் சீண்டாத மோர்க்குழம்புப் பொடி கூடையில் கிடந்தது. பணம் கட்டவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டே போன் செய்தான்.

"மாமி, அந்த ஆள் இன்னிக்கும் வாங்கலை. கோளாறு அப்படியேதான் இருக்கு. சாப்பாட்டுக்கு வந்துடறேன்."