புகார் வராத வீடுகள்

காட்டுப் பேரவையில் அன்று கேள்வி நேரம். வீட்டுவசதி அமைச்சரான மரங்கொத்தி எழுதி வைத்திருந்த பதிலை வாசித்தது.

“பட்டுப்போன பனைகளில் நாற்பது பொந்து வீடுகள் கட்டிக் கொடுத்தோம், தலைவர் அவர்களே. இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை.”

ஆளுங்கட்சிக் கிளையில் ஒரே சிறகுத் தட்டல். எதிர்க்கிளையில் இருந்த அணிலுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. குறை சொல்லாமல் எந்தக் குருவியாவது குடியிருக்குமா?

“துணைக்கேள்வி! மழைக்கு ஒழுகுகிறதா என்று கேட்க நேற்று அங்கே போனேன். எவ்வளவு கூப்பிட்டும், அங்கே குடிபோன என் தங்கைகூடக் குரல் கொடுக்கவில்லை. வீடுகளை ஆய்வு செய்தது யார்?”

“எங்கள் அதிகாரிதான். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நேரில் போய்ப் பார்த்தார்.”

அணில் அதிகாரிகள் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே சாரைப்பாம்பு நகர முடியாமல் படுத்திருந்தது. அதன் உடம்பு அங்கங்கே புடைத்திருந்தது.

“அந்த வீடுகளில் இப்போது யார்தான் இருக்கிறார்கள்?” என்று அணில் கத்தியது.

சாரை ஒரு துண்டுச்சீட்டை மெல்ல முன்னால் தள்ளியது. அமைச்சர் அதை அப்படியே வாசித்தது.

“நாற்பதும் காலி. உறுப்பினர் குடும்பத்தோடு விண்ணப்பிக்கலாம்.”