கதவுக்குப் பின்னால் அலவாங்கு

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கின் கூர்முனையில் ஈரச் சேறு. அதைக் கண்டதும் வதனி உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

அவள் புருஷன் மதுஷன் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"வட்டைக்குள்ள தண்ணி வத்திட்டு கா, வதனி! ஆரோ அணைக்கட்டுக் கதவத் தூக்கிட்டானாம்!" பக்கத்து வீட்டு இரத்தினம்மா வேலிக்கு அப்பால் நின்று சந்தோஷத்தில் கத்தினாள்.

அந்த ஆரோ யாரென்று வதனிக்கு விளங்கிவிட்டது.

ஆற்றில் விட்ட மீன்குஞ்சு வாவிக்கு ஓடாமல் இருக்க மீனவர் சங்கம் கட்டுவித்த சின்னக் கொங்கிறீட் அணை அது. அதன் கம்பிவலைக் கதவை மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடிகள் அடைத்துக்கொண்டதில், வட்டை வயல்களில் வெட்டுக்கு நின்ற நெல் வேளாண்மை கதிர் முட்டத் தண்ணீருக்குள் கிடந்தது. இன்னும் ஒரு நாள் கிடந்தால் நெல் முளைத்துவிடும். அவர்களுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான்.

நேற்றுக் கூட்டத்தில் வதனி அழுதே விட்டாள். சங்கத் தலைவர் றெஜி மசியவில்லை.

"குஞ்செல்லாம் போயிரும். கதவில கை வைக்கிறவன் பொலிசுக்குத்தான் போவான்!"

கல்நெஞ்சுக்காரன் என்று அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். மதுஷன் வாயே திறக்கவில்லை. இப்போது அதுதான் பயமாக இருந்தது.

படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. றெஜியேதான்.

"தங்கச்சி, மதுஷன் எங்க?"

"படுத்திரிக்கார், அண்ணன். காய்ச்சல். ராவு முழுக்க வெளிய போகவேயில்ல."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தானே கண்ணுறங்காம நெத்தியில பத்துப் போட்டன்!"

"அணைக்கட்டுப் பக்கம் போகல்ல?"

"மாமாங்கேஸ்வரர் அறிய, போகல்ல!"

சொன்ன கையோடு மாமாங்கேஸ்வரரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

றெஜி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மீன் வாவிக்குத்தானே போகும், வலை போட்டுப் பிடிக்கலாம். தண்ணியில போன வேளாண்மைய எங்க போய்ப் பிடிக்கிற?"

வதனி படலைக்குக் கிட்ட வந்தாள்.

"சங்கத்து ஆக்கள் வந்து கேட்டா, இப்ப சொன்னத ஒரு எழுத்தும் மாத்தாமச் சொல்லு. ராவு எனக்கும் அதே காய்ச்சல்தான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றவளிடம் றெஜி கையை நீட்டினார்.

"அந்தக் கதவுக்குப் பின்னால இரிக்கிறது என்ட அலவாங்கு. எடுத்துத் தா, தங்கச்சி."