அசல் போலீஸ்

“வணக்கம்மா. போலீஸ் ஸ்டேசன்லேருந்து கான்ஸ்டபிள் ரூபன் பேசறேன். சாப்டீங்களா? காணாமப் போன உங்க மோட்டார் சைக்கிள் கெடைச்சிருச்சும்மா.”

துளசி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் முறைத்துப் பார்த்தாள்.

“டேய், ஏமாத்த வேற ஆளப் பாரு!” என்று கத்திவிட்டுத் துண்டித்தாள்.

“யாரு?” என்றான் கணவன் தனேஸ்வரன்.

“ஸ்கேமர்லா. மோட்டார் கெடைச்சிருச்சாம். அடுத்தாப்ல பேங்க் நம்பர் கேப்பான்.”

“நெசமாவே போலீஸா இருந்தா?”

“வணக்கம்னு சொல்றான். சாப்டீங்களான்னு வேற கேக்கறான். எந்த ஊரு போலீஸ் அப்படிக் கேட்டுச்சு?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புகார் கொடுக்கப் போன அன்று, ஸ்டேசன் மேசைக்குப் பின்னாலிருந்த சார்ஜன்ட் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பூட்டு போடத் தெரியாதவங்களுக்கு மோட்டார் எதுக்கு?” என்று எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து தோட்டத்து மண்சாலையில் நடந்து, பஸ் பிடித்துத்தான் ஈப்போவிலுள்ள கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இன்னொரு நாள் தாமதமானால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

போன் மறுபடியும் அடித்தது.

“அம்மா, தயவு செஞ்சு வெச்சிராதீங்க. நான் போலீஸ்தான். உங்களுக்கு எப்ப வசதின்னு சொன்னீங்கன்னா...”

“என் வசதியக் கேக்கற போலீஸா நீ? இரு, ஒம்மேல போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கறேன்!”

போனைக் கீழே வைப்பதற்குள் மூன்றாவது அழைப்பு. இந்த முறை வேறு குரல். கரகரவென்று இடி மாதிரி இறங்கியது.

“ஓய்! மோட்டார் வேணுமா, வேணாமா? நாங்க என்ன ஒனக்கு வேலக்காரங்களா? அடையாளக் கார்ட எடுத்துக்கிட்டு இப்பவே ஸ்டேசன்ல வந்து நில்லு. லேட்டா வந்தே, ஒன்னையும் உள்ள தள்ளிருவேன்!”

துளசி தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

“சரிங்க சார். இதோ வந்துர்றேன் சார்.”

போனை வைத்தபோது அவள் முகமெல்லாம் பூரிப்பு. “என்னாங்க, பக்கத்து வீட்டுல கார எரவல் கேளுங்க! மோட்டார் நெசமாவே கெடைச்சிருச்சுலா!”

ஸ்டேசனில் ஒல்லியான ஓர் இளம் கான்ஸ்டபிள் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். சட்டையில் ரூபன் என்ற பெயர்.

துளசிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “நீங்கதானா தம்பி மொதல்ல கூப்பிட்டது? மன்னிச்சிருங்க. போலீஸ் இப்படியும் பேசும்னு எனக்கு என்ன தெரியும்? ஆமா, கடைசியா பேசினாரே பெரிய அதிகாரி, அவரு எங்க? ஒரு நன்றி சொல்லிட்டுப் போறேன்.”

ரூபன் தலையைச் சொறிந்தான்.

“அவரு அதிகாரி இல்லம்மா,” என்று லாக்கப் கம்பிப் பக்கம் கையைக் காட்டினான். “உங்க மோட்டாரத் திருடினவரு. ‘போலீஸ் எப்படிப் பேசும்னு உங்களுக்குத் தெரியல சார், போன இப்படிக் குடுங்க’ன்னு வாங்கிப் பேசினாரு.”