மோதினார் இணங்காத சத்திரசிகிச்சை

கதை எழுதிப் பழகாத கை இது. மறைவில் பேசப்படும் ஒரு நோயைச் சபையில் எடுத்து வைக்கத் துணிந்தமைக்குப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அலியார், தமது கபன் துணியைத் தலையணைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். இறந்தபின் உடலைப் பொதியும் அந்த வெள்ளைத் துணியை மூதூரிலிருந்து அவரே கேட்டு வருவித்திருந்தார். மனைவி உம்மு குல்சும் தலையணைப் பக்கம் பார்க்க அஞ்சி, கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்துப் பறிஞ்சதோ?" என்று பக்கத்துக் கட்டிலில் கேட்டாள் தாதி. அங்கே கிடந்தவர் சல்லிக் கடற்கரையில் வலை இழுக்கும் வீரசிங்கம். குடல் முறுக்குக்குச் சத்திரசிகிச்சை ஆனவர். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்குக் காற்றுப் பிரிவதே அடையாளம். அதுவரை குடிக்கத் தண்ணீர் கிடையாது.

"இன்னும் இல்லை மிஸி. சோளகக் காத்து எழும்பினா வாட் முழுக்கக் கேக்கும், யோசியாதேங்கோ."

வாட்டே சிரித்தது. அலியார் சிரிக்கவில்லை.

காலையில் பெரிய டொக்டர் எதையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மலக்குடலில் கட்டி. அதை வெட்டியெடுத்து, கீழ்வாசலைத் தைத்து மூடிவிட்டு, குடலின் நுனியை இடப்பக்க வயிற்றில் வெளியே கொண்டுவர வேண்டும். அதன்மேல் ஓர் இறப்பர்ப் பை, ஆயுள் முழுவதும். வெட்டினால் பிழைக்கலாம், வெட்டாவிட்டால் அடுத்த நோன்பைக் காண்பது அரிது.

வயிறு கழுவுவார்கள், மயக்க மருந்து கொடுப்பார்கள், விழிக்கும்போது மூக்கில் குழாய் இருக்கும் என்றபோதெல்லாம் அலியார் தலையசைத்தார். பை என்றதும்தான் "ஏலாது" என்றார்.

வாட்டெங்கும் பினாயில் மணந்தது. அலியாரின் மூக்கிலோ வேறொரு வாடை. அவருடைய வாப்பாவுக்கும் இதே நோய்தான். வெட்டாமலே பின்னறையில் கிடந்து முடிந்தார். சாம்பிராணிப் புகைக்கும் அந்த வாடை அடங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவு நிலையோடு நின்றார்கள். ஒருநாள் அலியாரின் கையும் தன்னையறியாமல் மூக்குக்குப் போயிற்று. வாப்பா கண்டுவிட்டார்.

"கதவைச் சாத்திட்டுப் போ மகன்" என்றார்.

அவர் மண்ணுக்குள் போயும் அந்தக் குரல் போகவில்லை. கடற்காற்றில் வாட்டுக் கதவு அடிபடும்போதெல்லாம் அலியாருக்கு அது கேட்டது. சத்தியமாய்க் கேட்டது.

"வெட்டச் சொல்லுங்களேன்" என்று உம்மு குல்சும் மன்றாடினாள். "புள்ளைகளுக்கு வேற ஆரு இரிக்கா?"

"அந்த அறையையே வயித்தில கட்டிக்கொண்டு திரியச் சொல்றியா? ஒரு சொட்டு வெளியானாலே, தொழக் கழுவின ஒளு முறிஞ்சிடும். ஓயாம ஒழுகிற மனிசன் பள்ளிக்குள்ள எப்பிடிப் போறது? பள்ளிக்குப் போக ஏலாத உசிர் எனக்கு என்னத்துக்கு? லெவ்வை வரட்டும். எனக்குக் கடைசி யாசீனை ஓதட்டும். நான் ஊரில கிடந்து மௌத்தாகிறன்."

மூதூரிலிருந்து வரும் பின்னேர லோஞ்சில் வந்து இறங்கினார் ஸைனுலாப்தீன் லெவ்வை. அலியார் பாங்கு சொல்ல, முன்னால் நின்று தொழுகை நடத்துபவர் அவர். வந்தவர் குழாயடியில் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததுமே நகரத்துப் பள்ளியில் அஸர் பாங்கு ஒலித்தது. லெவ்வை மெல்ல எழுந்து, முகம் கை கால் கழுவ மறுபடி குழாயடிக்குப் போனார்.

"வரேக்கையே கழுவிக்கொண்டுதானே வந்தவர்!" என்றார் வீரசிங்கம். "எங்கட கோயில் ஐயரும் இவ்வளவு தண்ணி வாக்கமாட்டார்."

உம்மு குல்சுமுக்கு அந்தத் துயரத்திலும் பெருமை வந்தது. "எங்கட லெவ்வை பாங்கு கேட்டாப் பிறகு, ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசா ஒளுச் செய்வார். கண்டியில கொஞ்சக் காலம் இருந்திட்டு வந்த நாளிலயிருந்து அப்பிடி. அங்க ஆரோ பெரியவரிட்டப் படிச்ச பேணுதலாம். ஊரில வேற ஒருத்தருக்கும் அது ஏலாது."

தொழுது முடித்து வந்த லெவ்வை கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். யாசீன் ஓதத் தொடங்கவில்லை. கபன் துணியை உருவி உம்மு குல்சுமின் மடியில் வைத்தார்.

"வெட்டு, அலியார். நோயாளிக்கு மார்க்கத்தில சலுகை இரிக்கி. கித்தாபில தெளிவா இரிக்கி."

"கித்தாபு சொல்லும் லெவ்வை. சனம் மூக்கைப் பொத்துமே."

"பொத்தாது. இறுக்கிக் கட்டினா வாடை வராது. போறது என்னெண்டா, கந்தூரிச் சோறு போகும். வெங்காயம் போகும். பாரம் தூக்கிறது போகும். கொஞ்ச நாளைக்கு நித்திரை போகும். வேற ஒண்டும் போகாது."

அலியாருக்குக் கோபம் வந்தது. எழுந்து உட்கார முயன்று, முடியாமல் மறுபடி சாய்ந்தார். கதவு அடித்தது.

"சும்மா ஆறுதல் சொல்லாதீங்க. உங்களுக்குப் பிறகு நான்தான் தொழுவிக்க வேணுமெண்டு எத்தினை தரம் சொன்னீங்க? வயித்தில பை கட்டினவனுக்குப் பின்னால எந்த மடையன் நிண்டு தொழுவான்?"

லெவ்வை குனிந்து, அலியாருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இவ்வளவு காலமும் நீதான் நிண்டனீ."